ஒரு விரல் குறைந்த ரிமோட்

சிலீர்!

மதியம் ஒன்று முப்பத்திரண்டுக்குப் பாலகிருஷ்ணன் வீட்டு ஹாலில் ரிமோட் கீழே விழுந்து ஆறு துண்டாக உடைந்தது.

ரிமோட் விழுவது ஒரு செய்தியே அல்ல. எல்லா வீட்டிலும் விழும். மூடி ஒரு பக்கம் ஓடும், பேட்டரி ஒரு பக்கம் ஓடும், சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவோம். இது அப்படி விழவில்லை. டீ கப் மாதிரி உடைந்தது. வெளியே கறுப்பு, உள்ளே பால் வெள்ளை. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, உள்ளே வெறும் காற்று.

"மேடம், நான் பதினோரு வருஷம் கேபிள் டி.வி. லைன்மேனா இருந்தவன். ஆயிரம் ரிமோட்டைப் பிரிச்சிருக்கேன்" என்றான் திலீபன். "தேங்காய் மாதிரி உள்ளே வெள்ளையா இருக்கிறதை இன்னிக்குத்தான் பார்க்குறேன். சட்னி அரைச்சுடலாமா?"

"தொடாதே" என்றார் செல்வநாயகி.

செல்வநாயகி முப்பது வருடம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் காணாமல் போன மூட்டைகளைத் தேடிப் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். உலகத்தில் எதுவும் தொலைவதில்லை, தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. கேபிள் தொழில் படுத்துப் போனதும் திலீபன் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தான்.

பாலகிருஷ்ணன் விரல் நுனியில் குங்குமத்தோடு சிலையாக நின்றார். பீங்கான் யூனிட் முதலாளி. அன்று ஆயுத பூஜை. ராகு காலம் ஒன்றரைக்கு முடியட்டும் என்று காத்திருந்து, முதல் பொட்டைத் தன் ரிமோட்டுக்குத்தான் வைக்க நினைத்தார். பிளாஸ்டிக் கவரைக் கழற்றினார். கை வழுக்கிவிட்டது.

"போனா போகுதுங்க, வேற வாங்கிக்கலாம்" என்று அவர் மனைவி ஆதிலட்சுமி துடைப்பத்தோடு வந்தாள்.

"பெருக்காதீங்கம்மா, அது சாட்சி" என்று தடுத்தார் செல்வநாயகி. "சார், நேத்து போன்ல பாதிதான் சொன்னீங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

பாலகிருஷ்ணன் சோபாவில் உட்கார்ந்தார். "கம்ப்யூட்டரு அந்த உள்ரூம்ல இருக்குது. நான் அங்க போறதே இல்ல. ஒயர் இழுத்து இந்த டி.வி.யில விட்டிருக்கேன். இங்க சாஞ்சுக்கிட்டே ரிமோட்டால எல்லாத்தையும் பார்த்துப்பேன். யூனிட்ல சூளை எரியுறது, மெயிலு, பொண்ணுக்கு வரன், எல்லாம் இதுலதான். ரிமோட்டு என் கையை விட்டு இறங்கினது கிடையாது. சாப்பிடும்போதுகூட இடது கையில இருக்கும்."

"குளிக்கும்போது?" என்றான் திலீபன்.

"பாத்ரூம் ஜன்னல் மேல."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"பத்து நாளா அதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. நான் அமுக்கினா ஒண்ணும் ஆகாது. அரை மணி கழிச்சு, நான் கேட்காத ஒண்ணு வரும். மழை வருமான்னு கேட்டா சூளை தெரியும். சூளையைக் கேட்டா சத்தம் ஏறி வூடே அதிரும். பேட்டரி மாத்தலாம்னு பார்த்தா மூடி திறக்கல. நெட்டு ஸ்லோன்னு நெனச்சு விட்டுட்டேன். சனிக்கிழமை எங்க கல்யாண வீடியோ தானா ஓடிச்சு. தாலி கட்டப் போற இடத்துல நின்னுடுச்சு."

"அதுக்கு மேல பார்க்க கம்ப்யூட்டருக்கே மனசு வரல போலிருக்கு."

பாலகிருஷ்ணன் திலீபனை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்குத்தான் குண்டு வெடிச்சுது. வரன் பார்க்குற சைட்டுலேருந்து என் பேர்ல ஒரு பையன் வூட்டுக்கு, 'எங்களுக்குச் சம்மதம், நேரில் வாருங்கள்'னு போயிடுச்சு. திங்கக்கிழமை காலையில போன் பண்ணி சந்தோஷத்துல அழுவுறாங்க. இன்னிக்கு நாலரை மணிக்கு வேன் வெச்சுக்கிட்டு வர்றாங்க மேடம்!"

"பையன் சரியில்லையா?"

"பிரவீன்குமார்னு பேரு. படிச்சவன். சிகரெட்டுகூட கிடையாது. ஆனா அவங்க தொழிலு..." பாலகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "பேப்பர் கப்பு."

கெட்ட வார்த்தை சொன்னவர் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல பெரிய கம்பெனி. ஒரு காலத்துல இந்த ஜில்லாவுல எந்த டீக்கடைக்குப் போனாலும் என் யூனிட்டு கப்புதான். இன்னிக்கு நான் கொலு பொம்மை செஞ்சு பொழைக்கிறேன். எதனால? குடிச்சுட்டுக் கசக்கிப் போடுறானே, அதனால! அந்த வூட்டுக்கு என் பொண்ணா? மூணு தடவை அந்தப் பையனை வேணாம்னு தள்ளினேன். நாலாவது தடவை இந்தக் கம்ப்யூட்டரு கூப்பிட்டு வெச்சிருக்குது."

"ஞாயித்துக்கிழமை நீங்களே தவறுதலா அமுக்கியிருக்கலாமே?"

"நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரம் நான் ரிமோட்டைத் தொடமாட்டேன், சூளையைத் தொடமாட்டேன். டி.வி.யை அப்படியே விட்டுட்டு உள்ள போயி படுத்துடுவேன். இந்தத் தெருவுக்கே தெரியும்."

அவர் மகள் வெண்பா டீ கொண்டுவந்தாள். நெய்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். விருந்தாளிகளுக்குப் பீங்கான் கப். அவளுக்கு மட்டும் ஓரத்தில் ரோஜாப்பூ அச்சடித்த பேப்பர் கப்.

"பார்த்தீங்களா? வூட்டுக்குள்ளயே நுழைஞ்சுடுச்சு!" என்று துள்ளினார் பாலகிருஷ்ணன். "இவதான் அமுக்கியிருப்பா."

"நான் அமுக்கலப்பா. அமுக்கியிருந்தா பெருமையா சொல்லியிருப்பேன். ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி. எட்டு மணி பஸ்ஸுலதான் வந்தேன்." வெண்பா செல்வநாயகியைப் பார்த்தாள். "எனக்குப் பிரவீனை ரெண்டு வருஷமா தெரியும் மேடம். யாரு அமுக்கினாங்களோ அவங்க நல்லா இருக்கட்டும். தயவுசெஞ்சு கண்டுபிடிக்காதீங்க."

"கண்டுபிடிச்சே ஆவணும்" என்றார் அப்பா. "எவனோ வெளிநாட்டுல இருந்துக்கிட்டு என் கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டான்னு நாலரைக்குள்ள எழுதிக் குடுங்க. அதைக் காட்டி வேனைத் திருப்பிடுறேன். கூப்பிட்டவங்களைக் காரணம் சொல்லாம திருப்பினா ஊருல தலை காட்ட முடியாது."

செல்வநாயகி தரையில் உட்கார்ந்து ஆறு துண்டுகளையும் சேர்த்து அடுக்கினார். முழு ரிமோட் உருவானது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரை நீட்டி வைத்தார்.

"கவருக்கு எதுக்கு சார் ரெண்டு ரப்பர் பேண்ட்?"

"பத்து நாளா லூஸாயிடுச்சு. வெயிலுக்கு."

"வெயிலுக்குக் கவர் பெரிசாகாது. உள்ள இருக்கிறதுதான் சின்னதாயிருக்கு. பாருங்க, சரியா ஒரு விரல் குறையுது."

"ரிமோட்டு சுருங்குமா மேடம்?" என்றான் திலீபன்.

"மத்த ஊர்ல சுருங்காது. இது பீங்கான் ஊரு, இங்க சுருங்கும்." செல்வநாயகி எழுந்தார். "சார், உங்க யூனிட்டுல அச்சு எடுக்கிறது யாரு?"

* * *

தொழிற்பேட்டையில் யூனிட்டுக்கு யூனிட் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பாலகிருஷ்ணன் யூனிட்டில் சூளைக்கு விபூதிப் பட்டை அடித்து மாலை போட்டிருந்தது. அதன் முன்னால் பொரியும் கடலையும் மென்றுகொண்டிருந்தார் அச்சு மாஸ்டர் காத்தவராயன். வீட்டு வேலை இருந்ததால் முதலாளி அவர்களோடு வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

செல்வநாயகி உடைந்த ஒரு துண்டை நீட்டினார். காத்தவராயன் மெல்லுவதை நிறுத்தினார்.

"உடைச்சுட்டாரா?" என்றார் வேதனையோடு. "நாலு பூச்சு கறுப்பு குடுத்தேங்க அதுக்கு."

"ஆக, நீங்க செஞ்சதுதான்."

"முதலாளி கேட்டாரு. கொலுவுக்கு ஹால் செட்டு போடுறோம், சோபா, டி.வி., ரிமோட்டு எல்லாம் வரணும். ரிமோட்டு மட்டும் என் ரிமோட்டு மாதிரியே இருக்கணும்னாரு. எதைக் குடுத்தாலும் அச்சு எடுப்பேங்க நான். போன வருஷம் ஒருத்தர் பல்செட்டைக் குடுத்தாரு. ஊதுபத்தி ஸ்டாண்டு ஆக்கிக் குடுத்தேன். முப்பத்திரண்டு ஊதுபத்தி குத்தலாம்."

"சிரிச்சா மணக்கும்" என்றான் திலீபன்.

"ரிமோட் எப்படி மாறிச்சு?" என்றார் செல்வநாயகி.

"அச்சு எடுத்த அன்னிக்கே அசலைக் குடுத்துட்டேங்க. சூளையிலேருந்து சாம்பிள் வந்ததும், சாயம் ஒத்து வருதான்னு பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு மறுபடி கேட்டேன். கொண்டாந்தாரு. ரெண்டையும் மேஜை மேல வெச்சுப் பார்த்தோம். அதுக்குள்ள போன் வந்துது. பேசிக்கிட்டே பளபளன்னு இருந்ததை எடுத்துக் கவருல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"நீங்க சொல்லலையா?"

"முதலாளி எடுத்துட்டுப் போனா அதுதாங்க அசலு. நான் யாரு சொல்றதுக்கு?" காத்தவராயன் கொஞ்சம் நிமிர்ந்தார். "அதுவும் இல்லாம, என் வேலை அசலைத் தோற்கடிச்சிருக்குது. அதை நானே போயி கெடுப்பனா?"

"சூளையில எவ்வளவு சுருங்கும்?"

"பத்துக்கு ஒண்ணு. என்ன செஞ்சாலும் சுருங்கும். அது மண்ணோட குணம்."

"சரி, மேஜை மேல மிச்சம் இருந்த அசல் எங்க?"

காத்தவராயன் கடலையைத் தேடுவதுபோல் தட்டைக் கிளறினார். "பேக்கிங்குல இருக்கிற புள்ளைங்க பாஞ்சாலையும் வேல்விழியும் பொம்மைன்னு நெனச்சு செட்டோட கட்டிட்டாங்க. முதலாளி பக்கத்து வூட்டு ஜெயஸ்ரீ டீச்சருக்குக் கொலுவுக்குன்னு அன்பளிப்பா குடுத்தாரே, அந்தச் செட்டு."

திலீபன் பைக்கை உதைக்கும்போது தலையில் அடித்துக்கொண்டான். "மேடம், சாதா டி.வி. ரிமோட்டுன்னா எதிர்ல நீட்டணும். இது ரேடியோ. செவுரெல்லாம் தாண்டும். பக்கத்து வூடுன்னா தாராளமா எட்டும். ஆக, வெளிநாட்டுச் சதி பதினைஞ்சு அடி தூரத்துல நடந்திருக்குது."

* * *

ஜெயஸ்ரீ டீச்சர் வீட்டுக் கொலு ஏழு படி. ஐந்தாவது படியில் ஹால் செட். தீப்பெட்டி அளவு டி.வி., கட்டைவிரல் அளவு சோபா, அதில் சுண்டுவிரல் அளவு ஓர் ஆள். அவன் காலடியில் கட்டில் மாதிரி நீண்டு கிடந்தது ரிமோட்.

"அந்த ஆளு சேனல் மாத்தணும்னா ஏறி நின்னு மிதிக்கணும்" என்றான் திலீபன்.

"அதைத்தாங்க எல்லாரும் ரசிக்கிறாங்க" என்றார் டீச்சர் பூரிப்பாக. "கொலு பார்க்க வர்றவங்க ஒருத்தர் விடாம எடுத்து அமுக்கிப் பார்க்குறாங்க. 'பட்டன்கூட உள்ள போயிட்டு வருது பாருங்க, என்ன வேலைப்பாடு!'ன்னு ஒரே ஆச்சரியம். மங்களூர்லேருந்து வந்த என் நாத்தனார் பத்து நிமிஷம் அமுக்கினா. மண்ணுல ரப்பர் மாதிரி எப்படித்தான் செய்யுறாங்களோன்னு கேட்டா."

செல்வநாயகி ரிமோட்டை எடுத்தார். எல்லாப் பட்டன் மேலும் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஒட்டியிருந்தன. பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மாட்டினார். கனகச்சிதம். ரப்பர் பேண்ட் தேவைப்படவில்லை.

"திலீபா, அமுக்கு."

கொலு அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே, சின்னச் சந்துக்கு அந்தப் பக்கம், பாலகிருஷ்ணன் வீட்டு ஹால் ஜன்னல். அதன் வழியாகப் பெரிய டி.வி. முழுசாகத் தெரிந்தது. திலீபன் அமுக்கினான். அங்கே திரையில் நாதஸ்வரம் வெடித்தது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய பாலகிருஷ்ணன் மாலையும் மீசையுமாக மணமேடைக்கு நடந்தார்.

"லட்சுமி! வெளிநாட்டுக்காரன் வந்துட்டான்! கதவைச் சாத்து!" என்று இந்தக் காலத்துப் பாலகிருஷ்ணனின் அலறல் கேட்டது.

"இந்த ரிமோட்டு..." என்று ஜெயஸ்ரீ டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தினமும் எத்தனை மணிக்கு ஆட்கள் வருவாங்க டீச்சர்?"

"அஞ்சுலேருந்து எட்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் ராகு காலம் கழிச்சு ஆறு மணிக்கு மேல வாங்கன்னு சொல்லியிருந்தேன். அதுவும் நல்லதாப் போச்சு. அன்னிக்கு மொச்சைச் சுண்டல். வேகவே இல்ல. பக்கத்து வூட்டு அக்கா நாலரைக்கே வந்து கூட இருந்து தாளிச்சுக் குடுத்தாங்க. நான் அடுப்பு, அவங்க தேங்காய் துருவுறது. அந்த ஜன்னல் ஓரமாத்தான் உக்காந்துக்கிட்டாங்க."

செல்வநாயகி ஜன்னலைப் பார்த்தார். பிறகு திலீபன் காதில் ஏதோ சொன்னார்.

"எண்ணணுமா?" என்றான் அவன்.

"ஒண்ணு விடாம."

* * *

நாலு இருபது.

பாலகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். காத்தவராயன் பெயர் வந்தபோது பல்லைக் கடித்தார். நாத்தனார் கதை வந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இது விபத்து! சுண்டல் வாங்க வந்த ஏதோ ஒரு கை அமுக்கியிருக்குது. நம்ம வூட்டுல யாரும் சம்மதம் சொல்லல. வேன் வந்ததும் இதையே சொல்லி, ஆளுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிடலாம். பீங்கான் கப்புல!"

ஓரத்தில் நின்ற வெண்பாவின் கையில் பேப்பர் கப் மெதுவாகக் கசங்கியது. ஆதிலட்சுமி விருந்தாளிகளுக்காகத் தட்டில் பூவும் வெற்றிலையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அனுப்பலாம். அதுக்கு முன்னால ஒரு கணக்கு" என்றார் செல்வநாயகி. "திலீபா, சொல்லு."

"வரன் சைட்டைத் திறக்கணும். அம்புக்குறியை அமுக்கி அமுக்கிப் பத்தொன்பது பையன்களைத் தாண்டணும். இந்தப் பையன்கிட்ட நின்னு ஒரு தடவை அமுக்கணும். 'சம்மதமா?'ன்னு கேட்கும், ஆமான்னு சொல்லணும். 'உறுதியாகவா?'ன்னு கேட்கும், மறுபடி ஆமான்னு சொல்லணும். மொத்தம் இருபத்து மூணு தடவை. நானே ரெண்டு தடவை தப்பா அமுக்கி, நல்லூர்ல ஒரு ரிடையர்டு வாத்தியார்கிட்ட மாட்டியிருப்பேன்."

"வேலைப்பாடு பார்க்குறேன்னு அமுக்கினா சத்தம் ஏறும், சூளை தெரியும். இருபத்து மூணு தடவை தப்பாம அமுக்கினவங்க, அந்த ஜன்னல் வழியா உங்க டி.வி.யைப் பார்த்துக்கிட்டே அமுக்கியிருக்காங்க. அதுவும் கொலுவுக்கு ஒரு ஆள்கூட வராத நேரத்துல. சனிக்கிழமை உங்க கல்யாண வீடியோ ஓடினது ஒத்திகை" என்றார் செல்வநாயகி.

"ராகு காலத்துல எவனாவது கல்யாணச் சம்மதம் அனுப்புவானா?" என்றார் பாலகிருஷ்ணன்.

"நல்ல நேரத்துல அனுப்பினா நீங்க டி.வி. முன்னால உக்காந்திருப்பீங்களே சார். இந்த வூட்டு ஹாலு காலியா இருக்கிறது ராகு காலத்துல மட்டும்தான்." செல்வநாயகி அசல் ரிமோட்டை டீப்பாயில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை அஞ்சு நாப்பதுக்கு டீச்சர் அடுப்படியில இருந்தாங்க. அந்த ஜன்னல் ஓரமா ஒரே ஒருத்தர்தான் உக்காந்து தேங்காய் துருவினாங்க."

வெற்றிலை அடுக்கும் சத்தம் நின்றது.

பாலகிருஷ்ணன் மெதுவாகத் திரும்பினார். "லட்சுமி?"

ஆதிலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மறுக்கவில்லை. வெண்பா, "அம்மா!" என்று ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கதவுகள் திறந்தன. யாரோ பழத்தட்டைக் கவனமாக இறக்கச் சொன்னார்கள்.

பாலகிருஷ்ணன் கை தன்னிச்சையாக ரிமோட்டுக்குப் போனது, பாதியில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கசங்கிக் கிடந்த பேப்பர் கப்பைப் பார்த்தார். மறுபடி ஹாரன்.

"தம்பி, கேட்டைத் திறந்து விடுங்க" என்றார் திலீபனிடம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வூட்டுக்காரி சம்மதம்னு சொல்லிக் கூப்பிட்டவங்களை வாசல்ல நிக்க வெச்சா நல்லா இருக்காது."

திலீபன் கேட்டை நோக்கி ஓடினான். பாலகிருஷ்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி மனைவியின் அருகில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

ஆதிலட்சுமி டீப்பாயில் இருந்த ரிமோட்டை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷமா ரிமோட்டைத்தாங்க கேட்டுக்கிட்டு இருந்தேன்; அது கைக்கு வந்த அன்னிக்கு, மொதல்ல பொண்ணு கேட்டதைப் போட்டுட்டேன்."